நடக்கப் போன தாய்மாமன்

பாலுசாமிக்கு உடம்பு பெருத்தது நடைப்பயிற்சியால்தான் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். பெரியநாயக்கன்பாளையத்தில் நம்புவார்கள். அவரைப் பெருத்துப்போக வைத்ததில் அந்த ஊருக்கும் பங்கு உண்டு.

ஆனால் அவர் எதற்காக நடக்கக் கிளம்பினார் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

பாலுசாமி பம்பு செட்டுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் லேத்துப் பட்டறை வைத்திருப்பவர். வாலிபத்தில் அவரே லேத்தில் நின்று கடைந்தவர்தான். தொழில் வளர்ந்தது, ஆட்கள் வந்தார்கள், முதலாளிக்கு ஒரு சுழல் நாற்காலி வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு டீ தேடி வந்தது, டீயைத் தேடி பஜ்ஜி வந்தது. மத்தியானம் வீட்டிலிருந்து வரும் அரிசிம்பருப்புச் சாதத்தில் நெய் எது, சாதம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இப்படியே ஐம்பத்தைந்து வயதும் ஆகிவிட்டது. யாரைக் குறை சொல்வது?

அவருடைய அக்கா மயிலாத்தாளுக்கு ஒரே மகள், நந்திதா. கோயம்புத்தூரில் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஆனி மாதத்தில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. நிச்சயத்தன்று தாம்பூலம் மாற்றிக்கொண்டதும், மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் கேட்டார்.

"தாய்மாமன் யாருங்க? பொண்ணத் தூக்கோணுமில்லீங்களா?"

அவர்கள் வகையறாவில் அது விட முடியாத சீர். முகூர்த்தத்துக்கு முன்னால் பெண்ணைத் தாய்மாமன் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு, மணவறையைச் சுற்றி வந்து, மணையில் உட்கார வைக்க வேண்டும். கைத்தாங்கலாகக் கூட்டி வருவது, நாற்காலியில் வைத்துத் தூக்குவது என்கிற சலுகையெல்லாம் கிடையாது.

சபை மொத்தமும் பாலுசாமியைத் திரும்பிப் பார்த்தது. அவர் அப்போதுதான் மாடிப்படி ஏறி வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பதில் சொல்ல வாய் திறந்தார், மூச்சுதான் வந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு பலபேர் சிரித்தார்கள்.

சித்தப்பா மகன் திருமூர்த்தி உடனே எழுந்தான். ஜிம்முக்குப் போகிறவன். சட்டைக் கை அவன் புஜத்தில் படாதபாடு படும். "அண்ணனுக்குச் செரமமா இருந்தா நாந் தூக்கிக்கறனுங்க. நானும் மாமன் மொறைதானுங்களே" என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, நல்ல மனதோடுதான் சொன்னான். பாலுசாமிக்கு அதுதான் இன்னும் சுருக்கென்று இருந்தது.

நந்திதாவுக்குக் காது குத்தியது அவர் மடியில் உட்கார வைத்துத்தான். அன்று அவள் வீறிட்டு அழுததில் அவருக்கும் அழுகை வந்து, ஊரே பார்த்தது. அந்தக் குழந்தையை இன்னொருத்தன் மணவறைக்குத் தூக்கிப் போவதா?

"நாந்தானுங்க தூக்குவேன்" என்றார், மூச்சு திரும்பியதும்.

மறுநாள் காலை யாருக்கும் தெரியாமல் மாட்டுக்கொட்டகைக்குப் போனார். அங்கே பருத்திக்கொட்டை மூட்டை இருந்தது. ஏறக்குறைய ஒரு பெண்பிள்ளையின் எடை இருக்கும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டார். மாரியாத்தாளை நினைத்துக்கொண்டு குனிந்து ஒரே மூச்சில் தூக்கினார். மூட்டை இருந்த இடத்திலேயே இருந்தது. பாலுசாமிதான் அப்படியே நின்றுவிட்டார், குனிந்த வாக்கில். சாணி அள்ள வந்த ஆள் பார்த்துப் பயந்துபோய் அவர் மனைவி நஞ்சம்மாளைக் கூட்டிவந்தான்.

"வழுக்கிப்போட்டுது புள்ள" என்று பெண்டாட்டியிடம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வேறெங்கும் பார்க்க முடியவில்லை.

இடுப்பைச் சரிசெய்ய ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கும் ரெபேக்காவிடம் அனுப்பினார்கள். போத்தனூர்ப் பெண். ரயிலில் வந்துபோகிறவள். அவளிடம் பொய் சொல்ல முடியவில்லை. விஷயம் முழுவதையும் கேட்டு நன்றாகச் சிரித்துவிட்டு, "கல்யாணம் எப்பங்க சார்?" என்றாள்.

"தையில."

"இப்ப ஆடிதானுங்களே. தாராளமா தூக்கலாமுங்க. ஆனா மூட்டையக் கண்ணாலயும் பாக்காதீங்க. தெனமும் செய்ய முடியறத மட்டும் செய்ங்க. ஒருநா செஞ்சுபோட்டு ஒரு வாரம் படுத்துக்கறதுல என்னங்க இருக்குது?"

அவள் சொன்னதில் எதுவுமே பெரிய வித்தையாக இல்லை. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்கார வேண்டும். ஒரு பையில் கொஞ்சமாக மணல் போட்டுத் தூக்கிப் பழகி, மெதுவாக மணலைக் கூட்ட வேண்டும், அதுவும் முழங்காலை மடக்கித் தூக்க வேண்டும். சாயங்காலம் பட்டறையிலிருந்து காரில் வராமல் நடந்து வர வேண்டும். தட்டில் பாதிக்குக் காய், மீதியில் சாதம்.

"நெய்யி?" என்றார் பாலுசாமி, குரல் கம்ம.

"நெய்ய உடச் சொல்லலீங்க சார். ஆழத்தக் கொறைங்கன்னு சொல்றேன்."

பாலுசாமிக்கு அந்தப் பெண்ணை ரொம்பவும் பிடித்துப்போனது. அன்று சாயங்காலமே நடக்க ஆரம்பித்துவிட்டார். இங்கேதான் ஊர் உள்ளே வருகிறது.

பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள தெருவில் முக்கால்வாசி ஒறம்பரைதான். பங்காளி, மாமன், மச்சான் என்று எல்லாம் நெருங்கிய சொந்தம். காரில் போகும்போது கை காட்டினால் முடிந்துவிடும். நடந்து போகிறவரை எப்படி விடுவார்கள்? முதல் நாள் மச்சான் முறையுள்ள பொங்கியண்ணன் கேட்டருகே நின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங் மாப்ள, நடந்து வாரீங்க? வண்டி ரிப்பேருங்களா?"

"இல்லீங் மச்சா, சும்மா, ஒடம்புக்கு."

"அட, நல்லதுதானுங்களே! வாங்க, ஒரு வாய் காப்பி குடிச்சுப்போட்டு நடங்க."

வாசல் வரைக்கும் போய்விட்டு உள்ளே போகாமல் வருவது மரியாதை இல்லை. உள்ளே போய்விட்டு வாய் நனைக்காமல் வருவது அதைவிட மோசம். அதுவும் வீட்டில் கல்யாணத்தை வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனால், கதை வேறு மாதிரி பரவும். காப்பி வந்தது. காப்பியோடு பொங்கியண்ணன் மனைவி சுட்ட, போளி மாதிரியான ஒப்பிட்டு வந்தது, மேலே நெய்யோடு. அடுத்த வீட்டில் வெல்லம் போட்டு எண்ணெயில் பொரித்த கச்சாயம். அதற்கடுத்த வீட்டில், "அவிய ஊட்ல சாப்பட்டீங்களாம், எங்க ஊடு என்னுங்க பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டு, இடியாப்பம்போலப் பிழிந்த சந்தகையும் தேங்காய்ப்பாலும் வைத்தார்கள். பாலுசாமி எல்லோருக்கும் நியாயம் செய்தார்.

வீட்டுக்கு வந்தால் ராத்திரிச் சாப்பாடு இறங்காது. ஒரு சப்பாத்தியைப் பிட்டு வைத்துவிட்டு எழுந்துவிடுவார். நஞ்சம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. "நடக்கறாரு, சாப்பாட்டையும் கொறைச்சுப்போட்டாரு. மனசு வெச்சா வெச்சதுதான்" என்று மயிலாத்தாளிடம் போனில் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள்.

ஆவணி கடைசியில் ரெபேக்கா அவரை எடைமிஷினில் நிறுத்தினாள். முள்ளைப் பார்த்தாள், பாலுசாமியைப் பார்த்தாள். மிஷினைத் தட்டி மறுபடி நிற்கச் சொன்னாள். மிஷின் சரியாகத்தான் இருந்தது.

குட்டு வெளிப்பட்டது மளிகைக்கடையில். பொங்கியண்ணன் மனைவி நஞ்சம்மாளைப் பார்த்து, "உங்க ஊட்டுக்காரருக்கு நம்ம ஒப்பிட்டுன்னா உசுருங்க. தெனமும் ரெண்டு எடுத்து வெச்சுப்போடறது" என்று அன்பொழுகச் சொன்னாள். நஞ்சம்மாள் துவரம்பருப்பை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"நீங்க நடக்கப் போறீங்களா, பந்திக்குப் போறீங்களா?"

பாலுசாமி தலையைச் சொறிந்தார். "கூப்புட்டாப் போகாம எப்புடி புள்ள? மொகத்துல அடிச்சாப்பல இருக்காதா?"

நஞ்சம்மாளுக்குக் கோபம் பொங்கியது. ஆனால் அவளும் அதே மண்ணில் பிறந்தவள்தானே. அவர் இடத்தில் அவள் இருந்திருந்தாலும் சந்தகையைத் தட்டியிருக்க முடியாது. நம் ஆட்களில் யாராலும் முடியாது. கூப்பிட்டால் போய்த்தான் ஆகவேண்டும். இதையே ராத்திரி பாத்திரம் கழுவும்வரை முணுமுணுத்துக்கொண்டிருந்தவள், சட்டென்று குழாயை நிறுத்தினாள்.

மறுநாள் சாயங்காலம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டாள். இரண்டு பேரும் நடந்தார்கள். பொங்கியண்ணன் கேட்டருகே நின்றிருந்தார். அவர் "வாங்க" என்று வாயெடுப்பதற்குள் நஞ்சம்மாள் முந்திக்கொண்டாள்.

"ஏனுங்ண்ணா, அண்ணியையும் கூட்டிட்டு வாங்க. ரயில்வே ஸ்டேசன் வரைக்கும் போய்ட்டு வரலாம். கல்யாண விசயம் பேசோணும், நடந்துட்டே பேசிக்கலாமுங்க."

பொங்கியண்ணன் திகைத்தார். நடப்பது என்பதை அவர் மற்றவர்கள் செய்கிற காரியமாகவே வைத்திருந்தவர். ஆனால் கூப்பிட்டிருக்கிறார்கள், அதுவும் கல்யாண விஷயம். எப்படி மறுப்பது? உள்ளே திரும்பி, "ஏ புள்ள, என்ற செருப்ப எடு" என்றார்.

அடுத்த வீட்டிலும் அதே கதைதான். ஒருத்தருக்கும் மறுக்கத் தெரியவில்லை. மரியாதை தெரிந்த ஊரில் அதுதான் சௌகரியம். புரட்டாசி முடிவதற்குள் ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. ஊர்வம்பு பேசிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, முழங்கால் வலியைப் பற்றிப் போட்டி போட்டுக் குறை சொல்லிக்கொண்டு சாயங்காலமானால் கிளம்பிவிடுவார்கள். திரும்பி வந்து ஏதாவது ஒரு வீட்டில் காப்பி உண்டு. அதை யாராலும் நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம் என்று ரெபேக்காவே சொல்லிவிட்டாள். காப்பியோடு கொள்ளுச் சுண்டலோ பச்சைப்பயறோ வைப்பது என்று பெண்கள் பேசி முடிவெடுத்தார்கள். என்றைக்காவது ஒப்பிட்டு வந்தால் ஆளுக்குப் பாதி.

பாலுசாமியின் மணல் பை கனத்துக்கொண்டே வந்தது. பேன்ட் தளர்ந்தது. மாடிப்படி ஏறி வந்து, தூணைப் பிடிக்காமல் நின்று, யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொள்வார்.

இப்படியே போயிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் கார்த்திகையில் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது.

பத்திரிகை வைக்கத் தாய்மாமன் போகாமல் இருக்க முடியாது. அக்காவோடு காரில் ஏறினார். பொள்ளாச்சி, காங்கேயம், அவிநாசி, சத்தியமங்கலம் என்று திசைக்கொன்றாகச் சொந்தம் இருக்கிறது. எந்த வீட்டிலும் இலை போடாமல் விடவில்லை. பத்திரிகை கொடுத்த வீட்டில் கை நனைக்காமல் வந்தால் அவர்கள் கல்யாணத்துக்கு வரமாட்டார்கள். "சும்மா ரெண்டு வாய் சாப்புடு சாமி, கோவிச்சுக்குவாங்க" என்று மயிலாத்தாளும் தூபம் போட்டாள். காலையில் கிளம்பினால் ராத்திரி திரும்புவது. நடை நின்றது. மணல் பை மூலையில் கிடந்து தூசி படிந்தது.

கடைசிப் பத்திரிகையும் கொடுத்து முடித்தபின், ஒருநாள் பையைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு எட்டு வைப்பதற்குள் பை சரிந்து முழங்காலுக்கு இறங்கியது. பொத்தென்று கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். நிச்சயத்தன்று கேட்ட சிரிப்பு காதில் மறுபடியும் கேட்டது. முகூர்த்த நேரத்தில் அந்தப் பிள்ளையைக் கீழே போட்டுவிட்டால்? போனை எடுத்துத் திருமூர்த்தியைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீயே தூக்கிரு. என்னால ஆகாது."

சொல்லிவிட்டு மணல் பையைக் காலால் மூலைக்கே தள்ளினார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் நந்திதாவின் ஸ்கூட்டர் வாசலில் வந்து நின்றது. இறங்கியவளைப் பாலுசாமி உற்றுப் பார்த்தார். கன்னம் ஒட்டிப்போய், கழுத்தெலும்பு தெரிந்தது. நஞ்சம்மாள் வழக்கம்போலப் பேச்சுக்கு முன்னால் தட்டைப் போட்டாள்.

"வேண்டாமுங்க அத்தை. சூப் குடிச்சுட்டுத்தான் வந்தேன்" என்றாள் நந்திதா.

"ஒரு சூப்பு ஒரு சாப்பாடாகுமா அம்மணி?"

கேள்வியாகக் கேட்டுக் கேட்டு நஞ்சம்மாள் உண்மையை வெளியே இழுத்தாள். பத்திரிகை அச்சாகி வந்ததிலிருந்தே அந்தப் பெண் சூப்பும் வெள்ளரிக்காயுமாக ஓட்டிக்கொண்டிருக்கிறாள். போன வாரம் ஆபீஸ் படிக்கட்டில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டாளாம். வீட்டில் சொல்லவில்லை.

"யார்றா உன்னையப் பட்டினி கெடக்கச் சொன்னது? மாப்ள ஊட்லயா?" பாலுசாமி எழுந்தே விட்டார்.

"யாருஞ் சொல்லலீங் மாமா. நான் எளைச்சா உங்களுக்குச் செரமமிருக்காதுன்னுதான்." அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அன்னைக்குச் சபையில எல்லாரும் உங்களப் பாத்துச் சிரிச்சாங்க. எனக்குத் தாங்கவே இல்லீங். நீங்க என்னடான்னா திருமூர்த்தி மாமாவத் தூக்கச் சொல்லிப்போட்டீங்களாம். அதுக்கா நான் இத்தன நாள் வெள்ளரிக்காயத் தின்னேன்?"

பாலுசாமி அரிசிம்பருப்புச் சாதத்தைத் தானே எடுத்து வைத்தார். நெய்யை எடுத்து, தன் தட்டுக்கு ஊற்றுகிற பழைய ஆழத்துக்கே அவளுக்கு ஊற்றினார்.

"சாப்புடு கண்ணு. நீ எவ்வளவு கனமிருந்தாலும் சரி. உன்னையத் தூக்கறது என்ற வேல. அதுல உனக்கு ஒரு வேலையுமில்ல."

"அப்ப மொதல்ல போன் பண்ணுங்க."

அவள் எதிரிலேயே போன் செய்தார். "தம்பி, நேத்துச் சொன்னத மறந்துரு. நானே தூக்கிக்கறேன்." திருமூர்த்தி, "அப்பாடா! ரொம்பச் சந்தோசமுங்ண்ணா" என்றான். அவனுக்கும் பயமாகத்தான் இருந்ததாம். அவன் ஜிம்மில் தூக்குகிற இரும்பு பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வராதே. நந்திதா இரண்டாம் தடவை சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

விட்ட இடத்திலிருந்து பிடிக்க முடியாது, கீழேயிருந்து மறுபடி ஏறித்தான் ஆகவேண்டும் என்றாள் ரெபேக்கா. ஆனால் ஒருமுறை ஏறிய உடம்புக்கு வழி ஞாபகமிருக்கும் என்றும் சொன்னாள். பையிலிருந்து பாதி மணலைக் கொட்டிவிட்டு ஆரம்பித்தார். அந்தச் சாயங்காலம் அவர் தெருவில் இறங்கியபோது பொங்கியண்ணன் கூட்டம் ஸ்டேஷன் பக்கமிருந்து எதிரே வந்துகொண்டிருந்தது. அவர் வராத நாட்களிலும் அவர்கள் நிறுத்தவில்லை. "எங்கீங் மாப்ள காணோம்? நீங்கதான இழுத்துட்டு வந்தீங்க!" என்று உரிமையோடு திட்டினார்கள். பாலுசாமிக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

தை பிறந்தது. மேட்டுப்பாளையம் ரோட்டு மண்டபத்தில் விடிகாலையிலிருந்தே நாதஸ்வரம். மணப்பெண் அறையிலிருந்து நந்திதா வெளியே வந்தாள். கன்னம் பழையபடி திரண்டிருந்தது. கூரைப்பட்டு, கழுத்து நிறைய நகை, அதற்குமேல் ஆளுயர மாலை. அம்மணி மாமன் பேச்சைத் தட்டாமல் நன்றாகவே சாப்பிட்டிருக்கிறாள் என்று பாலுசாமி மனதுக்குள் சொல்லிக்கொண்டார். திருமூர்த்தி பக்கத்தில் வந்து, "நா இங்கயே நிக்கறனுங்ண்ணா" என்று கிசுகிசுத்தான்.

பாலுசாமி முழங்காலை மடக்கினார். இரண்டு கைகளையும் கொடுத்து எழுந்தார். நந்திதா வந்துவிட்டாள், மேலே.

"வழி உடுங்க, வழி உடுங்க!" என்று பொங்கியண்ணன் முன்னால் ஓடினார். நடக்கிற கூட்டம் மொத்தமும் இரண்டு பக்கமும் நின்று, அவர் ஒவ்வொரு எட்டு வைக்கும்போதும் தாங்களே தூக்குவதுபோல மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. ரெபேக்கா கடைசி வரிசையில் நாற்காலிமேல் ஏறி நின்று அவருடைய முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணவறையைச் சுற்றித் திரும்பும்போது கை கனத்தது. கனக்கட்டும் என்று நடந்தார்.

"மாமா, அழுவறீங்களா?" என்றாள் நந்திதா, காதருகே.

"ஆமா கண்ணு" என்றார் பாலுசாமி. அவளும் அழ ஆரம்பித்தாள், மை கலைந்தது. காது குத்திய அன்றைக்குப்போலவே ஊரே பார்த்தது. நிச்சயத்தன்று சிரித்தவர்கள் யாரும் இன்று சிரிக்கவில்லை. பதறாமல் குனிந்து, பூவை வைப்பதுபோல அவளை மணையில் உட்கார வைத்தார். நிமிர்ந்தபோது திருமூர்த்தி வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"அண்ணா, மூச்சே வாங்கலீங்களே!"

அந்த ஒரு வார்த்தைக்காகவே ஆடியிலிருந்து நடந்திருக்கலாம் என்று பாலுசாமிக்குத் தோன்றியது.

மறுநாள் சாயங்காலம் அவர் பட்டறைக்குப் போகவில்லை. சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். மடியில் கல்யாண வீட்டுக் கச்சாயம் ஒரு தட்டு நிறைய. நஞ்சம்மாள் வந்து பார்த்தாள்.

"நடக்கப் போகலீங்களா?"

"கல்யாணந்தான் முடிஞ்சுபோச்சே புள்ள. இனி நான் யாரத் தூக்கப் போறேன்?"

ஒரு கச்சாயத்தை எடுத்து வாயருகே கொண்டுபோனார். கேட் சத்தம் கேட்டது. பொங்கியண்ணன், அவர் மனைவி, பின்னால் தெருவே நின்றது.

"ஏனுங் மாப்ள, வாங்க, ஸ்டேசன் வரைக்கும் ஒரு நட போய்ட்டு வரலாம்!"

பாலுசாமி கச்சாயத்தைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார். நஞ்சம்மாள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தாள். வாசல் வரைக்கும் வந்து கூப்பிடுகிறார்கள். எப்படி மறுப்பது?

கச்சாயத்தை இரண்டாகப் பிட்டார். பாதியை நஞ்சம்மாள் கையில் கொடுத்தார், பாதியை வாயில் போட்டுக்கொண்டு செருப்பைத் தேடினார்.

"இருங்க மச்சா, வாரேனுங்க."